மூடிய கோப்புகள்: பத்தாண்டு காத்திருந்த விரல்ரேகை

அகதா கிறிஸ்டியின் ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ நாவலில், 16 ஆண்டுப் பழைய கொலையொன்றை ஐந்து பேரின் நினைவுகளைக் கொண்டே துப்பறிவாளர் பொய்ரோ மீண்டும் திறந்த விதம் சென்ற வாரம் கூறப்பட்டது. நினைவுக்குப் பதிலாகப் பதிவேட்டை நம்பிப் பழைய துயரங்கள் திறக்கப்பட்ட வழக்கு திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியது.

2005 ஜனவரி 9 அதிகாலையில், பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டித் தொகுதியின் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம், வீட்டுக்குள் புகுந்த கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். காவல்துறை அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் அமைந்த தனிப்படை இதனை ஒற்றைக் கொலையாகக் கருதாமல், 1995 முதல் பல மாவட்டங்களில் துப்புத் துலங்காமல் கிடந்த கொள்ளைக் கொலைகளின் கோப்புகளை வரவழைத்து அடுக்கிப் பார்த்தது. தாக்கப்பட்ட வீடுகள் நெடுஞ்சாலையை ஒட்டி, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தமையும், கதவை உடைத்து நுழைந்தவர்கள் உறங்கியவர்களை இரும்புத் தடியால் தாக்கியமையும் கோப்புக்குக் கோப்பு ஒத்துப்போயின. கொள்ளையர் வந்துபோன வாகனம் லாரி. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றியும், எளாவூர் சோதனைச்சாவடி வழியே ஆந்திரத்துக்குப் போயும் வந்தும் வெளிமாநில லாரிகள் இரவெல்லாம் ஓடும் வட்டாரத்தில், இன்னொரு லாரி எவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

கோப்புகளைப் பிணைத்த வலுவான கயிறு விரல்ரேகை. அதன் வரலாற்றை அறியாமல் இவ்வழக்கின் அருமை விளங்காது. 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு தொடங்கப்பட்டபோது எழுந்த கேள்வி, ரேகையைப் பதிவது எப்படி என்பதன்று; பதிந்த ஆயிரக்கணக்கான தாள்களுள் வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி என்பதே. அதற்கு விடை கண்டவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்கள். முறை வழங்கிவருவதோ மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரால். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, ‘சுழி’, அதாவது நீர்ச்சுழல்போல் வட்டமிடும் ரேகை, உள்ள விரலுக்கு அதன் இணையைப் பொறுத்து 16, 8, 4, 2, 1 என மதிப்பளித்து, இணையில் ஒரு விரலின் மதிப்பை மேலும் மற்றதன் மதிப்பைக் கீழுமாகக் கூட்டி, இரண்டுடனும் ஒன்றைச் சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32, கீழே 32 வாய்ப்புகள் என்பதால், மனிதர் அனைவரும் 1,024 அறைகளுக்குள் அடங்கிவிடுகின்றனர்! கணிப்பொறி இல்லாத காலத்தில் தாளும் மரப்பெட்டியும் கொண்டு இதைச் சாதித்த மதிநுட்பத்துக்கு ஈடாகத் துப்பறியும் நாவல் எதிலும் ஒரு காட்சி இல்லை. அதே 1897-இல் ஜல்பாய்குரித் தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தபோது, வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றில் படிந்த கட்டைவிரல் தடம், முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பணியாளரின் பதிவோடு பொருந்தியது. மறு ஆண்டு நீதிமன்றம் திருட்டை ஏற்றது, கொலைக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது.

இம்முறைக்குப் பத்து விரல்களும் வேண்டும். கொலை நடந்த வீட்டிலோ ஓரிரு விரல்களின் தடமே மிஞ்சும். அத்தடத்தை வைத்து எந்த அறையைத் திறப்பது என்று அறிய இயலாது. தமிழகப் பதிவுகளில் இல்லாத ஒருவரைத் தேட வேண்டுமானால், தடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் செல்வதே அன்று வழியாக இருந்தது. தனிப்படையினர் அவ்வாறே வடமாநிலச் சிறைகளின் ஏடுகளைப் புரட்டினர். உத்தரப் பிரதேசச் சிறைப் பதிவு ஒன்று பொருந்தியது. ஜாங்கிட்டுக்குக் கிடைத்த புகழ் தகுதியானது, எனினும் ஆளில்லா வழக்கில் தடத்தைத் தூள் தூவி எடுத்து, பத்தாண்டு கெடாமல் வைத்திருந்த பெயர் தெரியாத அலுவலர்களே இவ்வழக்கின் முதல் துப்பறிவாளர்கள். 2017-இல் வெளிவந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ திரைப்படம் இவ்விசாரணையைத் தழுவியது. அதில் துரத்தலுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பதிவேட்டுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பிடிபட்டோர் பவாரியா சமூகத்தினர். அச்சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரையிட்டது ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டம். அதே சட்டத்தின்கீழ் ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு கும்பலின் குற்றத்தை ஒரு சமூகத்தின் தலையில் ஏற்றுவது அன்றும் அநீதி, இன்றும் அநீதி. அச்சட்டத்தின் வரலாறு அடுத்த வாரம் விரிவாக வரும். இவ்வாரத்துக்கென அறிவிக்கப்பட்ட நீதிமன்ற விசாரணையும் அதனோடு சேர்கிறது. சுதர்சனம் கொலை வழக்கில் சென்னை நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது 2025 நவம்பரில்.