பாயின் ஓரம் ஏன் படபடக்கிறது?

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 150 கடல் மைல் தூரம். என் தாத்தா இளவயதில் அந்த வழியே பாய்த்தோணியில் போய் வந்தவர். இப்போது தோணிகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் மாடியில் காயும் சேலை படபடத்தால், "பாய் பேசுது பிள்ளே! பேசவிட்டா கிழிஞ்சிடும்" என்பார். ஏன் பேசுகிறது என்று கேட்டால் சிரிப்பார். ஆகவே நானே தேடிப் படித்தேன்.

காற்று பாயின் இரு பக்கமும் வழுக்கிச் சென்று பின் ஓரத்தில் ஒன்று சேருகிறது. அங்கே அது சிறு சுழல்களாக, ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் பிரிந்து போகிறது. ஓரத்துத் துணிக்கோ விறைப்பில்லை. தள்ளிய பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் காற்றின் போக்கு மாறி, எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. கொடி பறப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

வினாடிக்கு 5 முறை அடித்துக்கொள்வதாக வைத்தாலும் மணிக்கு 18,000 முறை! கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதுபோல நூல் நைந்து, தையல் விட்டுப்போகும். நடுக்கடலில் பாய் கிழிந்தால் யாரைக் கூப்பிடுவது?

முன் ஓரம் படபடத்தால் கவலையில்லை. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு தளர்ந்திருக்கும், அல்லது படகு காற்றுக்கு நேராகத் திரும்பியிருக்கும். பின் ஓரம் மட்டும் நடுங்கினால்தான் துணி நீண்டு தளர்ந்துவிட்டது என்று பொருள். தாமானைச் சற்றுக் கீழ்நோக்கி இழுபடுமாறு கட்டினால் ஓரம் விறைக்கும். பாய் தைப்பவர்கள் பின் ஓரத்தைச் சற்று உட்குழிவாக வெட்டுவதும் இதற்காகவே. வெளியே வளைந்த ஓரமானால் மெல்லிய பட்டைகளைச் செருகுவார்கள்.

இன்னொரு வழி, ஓர மடிப்புக்குள் மெல்லிய கயிற்றைக் கோப்பது. தையல் வகுப்பில் படித்த மடிப்புத் தையல் இங்கே எனக்கு உதவியது. பழைய கைக்குட்டையை முக்கோணமாக வெட்டி, ஒரு பக்கத்தைக் குச்சியில் கட்டி, பின் ஓரத்தில் நூல் கோத்து, மின்விசிறி முன் பிடித்தேன். படபடவென்று அடித்தது. நூலை மெல்ல இழுத்தேன், சத்தம் நின்றது.

"போதும், கையை எடு" என்றார் தாத்தா.

நான் கேட்கவில்லை. இன்னும் இழுத்தேன். ஓரம் சுருக்குப்பைபோல் உள்ளே மடங்கிக் காற்றை முட்டி நிறுத்தியது. "இப்ப தோணி நடக்காது, நொண்டும்" என்று தாத்தாவே நூலைத் தளர்த்தினார்.