குட்டைகளின் ராஜ்யம்

மலையும் அருவியும் இல்லாத சீமைக்குக் கோடைப் பிரயாணம் போவார் உண்டோ என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடியில் உள்ள வடக்கு டகோட்டாவுக்கு, ஜூன் மாதத்தில், கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன் பலர் போகிறார்கள். பக்ஷிகளைப் பார்ப்பதற்கென்றே போகிறார்கள்!

சதுரங்கப் பலகையில் கோடு கிழித்தாற்போல் மைலுக்கு ஒன்றாகச் சாலைகள் ஓடுகின்றன. இரு புறமும் கோதுமை வயல்களும், பிரெய்ரி என்னும் புல்வெளியும். அவற்றிடையே எங்கு திரும்பினாலும் குட்டைகள். சுமார் 10,000 வருஷங்களுக்கு முன், பூமியை மூடியிருந்த பனிப்பாளங்கள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற பள்ளங்கள் இவை. இத்தகைய பூமி ஐந்து அமெரிக்க ராஜ்யங்களிலும் மூன்று கானடா மாகாணங்களிலும் பரவியிருக்கிறது. வட அமெரிக்காவின் வாத்துக்களில் பாதிக்கு மேற்பட்டவை இங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன.

இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் நாள் முழுவதும் காட்சிதான். மோட்டாரை விட்டு இறங்கவே வேண்டாம். வண்டிக்கு அஞ்சாத பக்ஷிகள் மனிதனைக் கண்டால்தான் பறக்கும். வேலிக் கம்பத்தில் மஞ்சள் மார்பைக் காட்டிப் பாடுவது மெடோலார்க். 1947-ல் இந்த ராஜ்யம் அதைத் தன் சின்னமாகக் கொண்டது. சம்பங்கோரைக்குள் கரகரவென்று இரைவது மஞ்சள் தலைக் கரும்பறவை; அதற்கு ரூபம் வாய்த்தது, சாரீரம் வாய்க்கவில்லை. ஏரியில் முக்குளிப்பான் ஜோடி தண்ணீர் மேலேயே நிமிர்ந்து நின்று ஓடுவதைக் கண்டால் நாட்டியக்காரரும் வெட்கமுறுவர். பம்பரம்போல் ஜலத்தில் சுழன்று இரை தேடும் பாலரோப் பக்ஷியிலோ, பெண்ணுக்குத்தான் வர்ணமும் அழகும். முட்டையிட்டதும் அம்மணி புறப்பட்டு விடுகிறாள். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஐயாவின் பொறுப்பு.

இவ்வளவுக்கும் ஆதாரம் முழங்கால் ஆழமுள்ள குட்டை ஜலம். ஆழம் குறைவாதலால் வசந்தத்தில் அது விரைவில் வெதுவெதுப்பாகிறது. பூச்சி புழுக்கள் பெருகுகின்றன. முட்டையிடும் வாத்துக்கு அவையே போஷணை. ஆனால் குடியானவன் கண்ணுக்கு அது ஏர் ஓட்ட இடைஞ்சலான சகதி. கால்வாய் வெட்டி வடித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கோதுமை விளையும். இவ்விதமே குட்டைகளில் பாதிக்கு மேல் மறைந்து போயின.

1930-க்குப் பின் வந்த கொடிய வறட்சியில் மிச்சமும் காய்ந்தது, வாத்துக்கள் அருகின. அப்போது, 1934-ல், ஒரு விநோதமான சட்டம் பிறந்தது. நீர்ப்பறவைகளை வேட்டையாடுகிறவன் ஒரு டாலர் கொடுத்து முத்திரைத் தலை வாங்க வேண்டும். அந்தப் பணம் பக்ஷிகளுக்கு நிலம் தேடச் செலவாகும். முதல் தலைக்குப் படம் வரைந்தவர் டார்லிங் என்ற பத்திரிகைக் கேலிச் சித்திரக்காரர்; அப்போது அவரே சர்க்காரின் வனஜீவன் இலாகாவுக்குத் தலைவர். 1958-ல் சட்டம் திருத்தப்பட்டு, சிறு குட்டைகளையும் வாங்க வழி ஏற்பட்டது. நிலத்தை விற்க மனமில்லாதவர், குட்டையை வடிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்து அதற்கு விலை பெறலாம். இன்று தலையின் விலை 25 டாலர். துப்பாக்கியையே தொடாத பக்ஷிப் பிரியர்களும் அதை வாங்குகிறார்கள்.

சர்க்கார் உத்தரவிட்டதனால் மாத்திரம் இந்த நீர் தங்கவில்லை. பக்ஷியைச் சுட விரும்பினவனும், பார்க்க விரும்பினவனும், உழுது பிழைக்கிறவனும் ஓர் ஏற்பாட்டுக்கு இணங்கியதனால் தங்கியது. அந்த ஏற்பாட்டுக்குள் வராத குட்டைகள் இன்றும் வடிக்கப்படுகின்றன. ஜூன் மாதத்துப் பிரயாணிக்கு இது கண்கூடு. வேலிக்கு இப்பால் கோரையும் குஞ்சுகளின் கீச்சொலியும்; அப்பால், நேர்கோடாக உழுத மண்; அங்கே மௌனம்.