சிற்றுண்டிப் பொட்டலத்துக்கு மூன்று கொட்டேஷன் எதற்கு?

மத்திய சர்க்கார் அலுவலகமொன்றில் நடைபெறும் ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு வேண்டிய சிற்றுண்டிப் பொட்டலங்களுக்குக்கூட மூன்று கொட்டேஷன்கள் வேண்டுமென்று வற்புறுத்தி, நல்ல பண்டத்தை நியாயமான விலையில் தரக்கூடிய சுயஉதவிக் குழுப் பெண்களை வாசலிலேயே திருப்பியனுப்பும் வழக்கத்தைச் சட்டத்தின் கட்டளையென்று பலர் நம்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது தணிக்கையைக் குறித்த அச்சத்தில் பிறந்த சம்பிரதாயமே.

பொது நிதி விதிகள் 2005இல் 15,000 ரூபாய் வரையிலும், 2017இல் 25,000 ரூபாய் வரையிலும், கொட்டேஷனோ டெண்டரோ இன்றிப் பொருள் வாங்க அனுமதித்தன. (வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்புத் தொகையைக் கேட்டறிவது அவசியம், அரசு மின்னணுச் சந்தையான ஜெம் தளத்தில் கிடைக்கும் பொருளை அங்கேதான் வாங்கவேண்டும்.) 154ஆம் விதி அதிகாரியிடம் கேட்பது, தரமான பொருளை, நம்பத்தக்க வியாபாரியிடம், நியாயமான விலைக்கு வாங்கியதில் தமக்குத் திருப்தி உண்டு என்னும் கையொப்பமிட்ட சான்று ஒன்றே. ஆனால் பெரிய தேவையொன்றைத் துண்டு துண்டாக்கி இச்சலுகைக்குள் நுழைப்பதை 157ஆம் விதி தடுக்கிறது. அவ்வாறு பில்லைப் பிரித்துத் தரச் சொல்பவருக்கு உடன்படாதிருப்பதே வியாபாரிக்குப் பாதுகாப்பு. மாநில அலுவலகங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அது 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம்.

ஆயினும் ஆர்டர் பெறுவதைக் காட்டிலும் பணம் பெறுவதே சிறு தொழில் செய்வோரை அதிகம் வருத்துகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்க இயலாது; ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள்தாம். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். வசூலிக்க, அச்சட்டத்தின்கீழ் அமைந்த வசதியாக்க மன்றத்தில் இணையதளம் வழியாக மனுச் செய்யலாம். மன்றம் அளித்த தீர்ப்பை எதிர்க்க விரும்பும் அலுவலகம் முதலில் அத்தொகையில் நூற்றுக்கு 75 பங்கை நீதிமன்றத்தில் கட்டியாகவேண்டும் என்பது எளியோர் அறிந்திருக்கவேண்டிய பெரும் பலம்.

இப்பாதுகாப்பை நாடுவோரே, குறு, சிறு தொழில்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவைப் பொருள் விநியோகிப்பதற்கு முன்பே பெற்றுவிடுங்கள். ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். ஒப்படைத்த தேதியைக் குறித்து அலுவலகக் கையொப்பம் பெறாமல் திரும்பாதீர்கள்.