எண்ணெய் வணிகர் ஆனந்த கிருஷ்ணன்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை அரசியல் அறிவியல்)

முன்னுரை

அடுப்பில் நீலமாய் எரியும் சுடர் எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது அணைந்துபோகும் நாளில்தான் எண்ணுகிறோம். அந்நாளில் நம் வாசலில் வந்து நிற்பவர் சிலிண்டர் போடுபவர். என் தந்தையார் அத்தொழில் செய்பவர். சாரம் பகுதித் தெருக்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி மிதித்து வருகிறார். எரிவாயு 14.2 கிலோ, இரும்பு உருளை ஏறத்தாழ அதே அளவு. ஆக ஒரு தடவைக்கு 30 கிலோ. மாடி வீடாக இருந்தால் தோளில் தூக்கித்தான் ஏறவேண்டும். இப்போது முழங்கால் வலிக்கிறது என்கிறார். என் படிப்பை நிறுத்தச் சொன்னதில்லை. ஆயினும், குடோனில் பில் எழுதும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது என்று இரண்டு முறை என் காதில் விழும்படி சொல்லியிருந்தார்.

2024 நவம்பர் 29ஆம் நாள் காலை. ஃபெஞ்சல் புயல் நம் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நாளிதழைப் பிரித்த தந்தையார் ஒரு படத்தில் விரலை வைத்தார். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் படமும், அதன் அருகில் முதியவர் ஒருவரின் படமும் இருந்தன. முந்திய நாள், நவம்பர் 28இல், மலேசியத் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் தம் 86ஆம் வயதில் காலமானார் என்பது செய்தி.

“நம்ம பேரா இருக்குதே, யாருடா இவரு?” என்றார்.

“எண்ணெய், கேஸ் வியாபாரத்துல பெரிய ஆளுப்பா.”

“அப்போ நம்ம தொழில்தான்னு சொல்லு” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நானும் கேஸைத்தான் சுமக்கறேன். அவரு எப்படி அந்த இடத்துக்குப் போனாரு? அவரே கிணறு தோண்டினாரா?”

எனக்கு விடை தெரியவில்லை. மூன்றாண்டுகள் அரசியல் அறிவியல் பயின்றவன், தந்தையாரின் கேள்வி ஒன்றுக்கு விடை சொல்ல இயலாமல் நின்றேன். அன்று தேடத் தொடங்கிய விடையே இக்கட்டுரை.

பிறப்பும் படிப்பும்

தத்பரானந்தம் ஆனந்த கிருஷ்ணன் 1938 ஏப்ரல் 1ஆம் நாள் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிறந்தார். ஒரு காலத்தில் அங்கு இருந்த செங்கற் சூளைகளால் அப்பகுதிக்கு அப்பெயர் வந்தது. இவரின் பெற்றோர் யாழ்ப்பாணத் தமிழர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து படித்த இளைஞர் பலர் கப்பலேறினர். புதுவையிலிருந்து நம் முன்னோர் சைகோனுக்குப் போகவில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

சிறுவயதில் இவர் பயின்றது பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப் பள்ளி. அடுத்து விக்டோரியா கல்விக் கூடம். பின்னர் கொழும்புத் திட்ட உதவித்தொகை பெற்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகம் சென்றார். கொழும்புத் திட்டம் என்பது 1950இல் கொழும்பு நகரில் கூடிய காமன்வெல்த் நாடுகளின் மாநாட்டில் உருவாகி, 1951இல் நடைமுறைக்கு வந்தது. ஆசிய நாடுகளின் மாணவர் ஆயிரக்கணக்கானோர் அதனால் வெளிநாடு சென்று பயின்றனர்.

அங்கே அவர் என்ன படித்தார்? மாணவ நண்பர்களே, இவ்விடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். எண்ணெய் வணிகராகப் பேர் பெற்ற அவர் பொறியியல் படிக்கவில்லை, நிலவியலும் படிக்கவில்லை. கலைத்துறையில் இளங்கலைப் பட்டம், சிறப்புப் பாடம் அரசியல் அறிவியல்! அதன் பின்னரே அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் சேர்ந்து 1964இல் மேலாண்மைப் பட்டம் பெற்றார்.

எண்ணெய் வணிகம் என்பது யாது?

கிணறு தோண்டுவதுதான் எண்ணெய்த் தொழில் என்று நானும் எண்ணியிருந்தேன். தோண்டுவது அதில் ஒரு பகுதியே. தோண்டுவதற்கு முன் ஒரு தாள் இருக்கிறது. அதுதான் ஒப்பந்தம்.

நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் பெரும்பாலான நாடுகளில் அரசுக்குச் சொந்தம். அதை எடுக்கும் உரிமையை அரசு ஒரு நிறுவனத்துக்கு அளிக்கிறது. பழைய முறையில், எடுத்த எண்ணெய் முழுதும் நிறுவனத்துக்கு உரியது. அரசுக்கு ஒரு பங்குத் தொகையும் வரியும் மட்டும் வரும். இது சலுகை உரிமை முறை. பிற்காலத்தில் உற்பத்திப் பகிர்வு முறை பரவியது. இதில் எண்ணெய் அரசின் உடைமை. நிறுவனம் தான் போட்ட செலவை எண்ணெயாக முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியை இருவரும் பங்கிடுவர். குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாடு நம் ஊர் உழவர்க்குத் தெரியும். ஏறத்தாழ அதே வேறுபாடுதான் இது. மலேசியா 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இயற்றி, அவ்வாண்டு ஆகஸ்டு 17இல் பெட்ரோனாஸ் என்னும் அரசு நிறுவனத்தைத் தொடங்கிற்று. 1976இல் பெரிய அந்நிய நிறுவனங்களோடு உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது.

அக்காலம் எத்தகைய காலம் என்பதையும் கூறவேண்டும். 1973 அக்டோபரில் அரபு இஸ்ரேல் போர் மூண்டது. அதற்கு முன் பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கிற்று. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். எந்த நாட்டில் ஆட்சி மாறும், எந்தக் கடல்வழி அடைபடும், எந்த அரசு எந்த விதியைத் திருத்தும் என்பதை முன்கூட்டி உணர்ந்தவனுக்கே இவ்வணிகத்தில் இலாபம். பிழையாகக் கணித்தால் முதலும் போகும். தோண்டிய கிணறு வறண்டு போவதும் உண்டு. அப்போது செலவிட்ட பணம் மண்ணோடு மண்தான்.

ஹார்வர்டிலிருந்து திரும்பிய ஆனந்த கிருஷ்ணன் முதலில் எம்.ஏ.ஐ. ஹோல்டிங்ஸ் என்னும் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்து எக்ஸாயில் டிரேடிங் என்னும் எண்ணெய் வணிக நிறுவனத்தை நிறுவிப் பல நாடுகளில் எண்ணெய் தோண்டும் உரிமைகளை வாங்கினார். நாடுகளையும் அவற்றின் சட்டங்களையும் படித்தறியும் பயிற்சியே அவருடைய முதலீடு. அரசியல் அறிவியல் பட்டம் அவருக்குப் பயன்படாமல் போகவில்லை என்று கூறின் மிகையாகாது. ஒரு காலத்தில் பெட்ரோனாஸின் இயக்குநர் குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

கடலில் மிதக்கும் ஆலை

நவம்பர் 30 இரவு புயல் புதுவைக்கு அருகில் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரை புதுவையில் பதிவான மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். எங்கள் தெருவில் முழங்காலளவு நீர், மின்சாரம் இல்லை. மின்சார அடுப்பு வைத்திருந்தவர்கள் எல்லாரும் எரிவாயுவைத் தேடினர். தந்தையார் வண்டியை இழுக்க, நான் பின்னால் தள்ளிக்கொண்டு சென்றேன். ஓரிடத்தில் பள்ளம். வண்டி சாய்ந்தது, உருளை ஒன்று நீரில் விழுந்தது. மூழ்கிவிடும் என்று நான் பதறினேன். அதுவோ மிதந்தது. “நிறைஞ்ச சிலிண்டரும் தண்ணியில மிதக்கும்டா. கயிறு கட்டலைன்னா அடுத்த தெருவுக்குப் போயிடும்” என்றார் தந்தையார். 30 கிலோ எடையுள்ள உருளை, முழுதும் மூழ்குமுன்பே தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிடுவதால் மிதக்கிறது. பள்ளியில் படித்த விதியை என் தந்தையார் தெருவில் கற்றிருந்தார்.

இதைவிடப் பன்மடங்கு பெரிதாக ஒன்றை மிதக்கவிட்டு வணிகம் செய்தவர் ஆனந்த கிருஷ்ணன். அவருடைய உசாஹா தெகாஸ் குழுமம் பெரும்பங்கு வைத்திருந்த நிறுவனம் பூமி அர்மாடா. ஆழ்கடலில் எண்ணெய் கிடைத்தால் கரைவரை குழாய் பதிப்பது எல்லா இடத்திலும் இயலாது. ஆகவே ஒரு பெருங்கப்பலைக் கிணறுகளுக்கு மேலே நங்கூரமிட்டு நிறுத்துகின்றனர். கடலடிக் கிணறுகளிலிருந்து குழாய்வழி வரும் கலவையைக் கப்பலிலேயே எண்ணெய், வாயு, நீர் எனப் பிரிக்கின்றனர். எண்ணெயைக் கப்பலின் வயிற்றில் சேமித்து, வேறு கப்பல்கள் வந்ததும் மாற்றி அனுப்புகின்றனர். அக்கப்பலை எண்ணெய் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் வாடகைக்கு விடுவதே பூமி அர்மாடாவின் தொழில்.

அத்தகைய கப்பல் ஒன்று நமக்கு வெகு தொலைவில் இல்லை. நம் புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஏனாம், கோதாவரிக் கழிமுகத்தில் காக்கிநாடாவுக்கு அண்மையில் இருக்கிறது. அக்கடலில்தான் இந்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி., ஆழ்கடல் வயல் ஒன்றிலிருந்து 2024 ஜனவரியில் முதன்முறையாக எண்ணெய் எடுத்தது. அங்கு நிறுத்தப்பட்டுள்ள ‘அர்மாடா ஸ்டெர்லிங் ஐந்து’ என்னும் கப்பல், பூமி அர்மாடாவும் இந்தியாவின் ஷாபூர்ஜி பல்லோஞ்சி குழுமமும் கூட்டாக அளித்தது. நம் காரைக்காலிலும் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. எண்ணெய்த் தொழில் அரபு நாட்டுக் கதை மட்டுமன்று என்பதற்கு இவை சான்று.

கோபுரமும் பிற தொழில்களும்

கோலாலம்பூர் நடுவில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. அதை நகருக்கு வெளியே மாற்றி, அந்நிலத்தில் புது நகர மையம் அமைக்கும் திட்டத்தில் முன்னின்றவர் ஆனந்த கிருஷ்ணன். அங்கு எழுந்ததே பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். உயரம் 452 மீட்டர், 88 மாடிகள். வரைந்தவர் சீசர் பெல்லி. 1998 முதல் 2004 வரை உலகிலேயே உயர்ந்த கட்டடம் அதுவே.

எண்ணெயில் ஈட்டியதைக் கொண்டு அவர் வேறு தொழில்களிலும் இறங்கினார். மாக்சிஸ் தொலைபேசி, மீசாட் செயற்கைக்கோள், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி ஆகியவை அவற்றுள் சில. ஆஸ்ட்ரோவின் வானவில் அலைவரிசை மலேசியத் தமிழர் இல்லங்களில் தமிழ் ஒலிக்கச் செய்தது. பந்தயமும் எண் சூதாட்டமும் நடத்தும் தொழில்களும் அவரிடம் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று.

சறுக்கல்

மாக்சிஸ் 2006இல் ஏர்செல் நிறுவனத்தின் 74 விழுக்காடு பங்குகளை வாங்கிற்று. தமிழகத்திலும் புதுவையிலும் அதன் விளம்பரம் இல்லாத கடைத்தெரு இல்லை எனும்படி இருந்தது. ஆனால் கடன் பெருகி, 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு அளித்தது, சேவையும் நின்றது. அந்தப் பங்கு விற்பனை தொடர்பாக 2011இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. குற்றப்பத்திரிகையில் அவர் பெயரும் இடம்பெற்றது. 2017இல் சிறப்பு நீதிமன்றம் மாறன் சகோதரர்களை விடுவித்தது. ஆனந்த கிருஷ்ணனோ, உச்ச நீதிமன்றமே வரச் சொல்லியும் நம் நாட்டு நீதிமன்றத்துக்கு வரவில்லை. குற்றம் செய்தாரா இல்லையா என்பது வேறு. நாடுகளின் சட்டங்களைப் படித்துப் பொருள் ஈட்டியவர், ஒரு நாட்டின் சட்டத்தின் முன் வந்து தம் பக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அவர் பேட்டி தருவதை விரும்பாதவர், கூட்டங்களைத் தவிர்த்தவர். அவருடைய மகன் அஜான் சிரிபன்யோ, தந்தையின் செல்வத்தை நாடாமல் தாய்லாந்தில் பௌத்தத் துறவியாக வாழ்கிறார். பிச்சை ஏற்று உண்ணும் துறவி அவர்.

முடிவுரை

டிசம்பர் முதல் வாரத்தில் நீர் வடிந்தது. ஓர் இரவு தந்தையாரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். கடைகளுக்குப் போடும் 19 கிலோ சிலிண்டரின் விலை மாதத்தின் முதல் நாளில் ஏன் மாறுகிறது என்பதையும் சொன்னேன். சவூதி அரேபியா மாதந்தோறும் அறிவிக்கும் விலையும் டாலரின் மதிப்பும் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன என்று விளக்கினேன். கடைக்காரர்கள் விலையேற்றத்துக்கு இத்தனை ஆண்டுகளாக அவரைத்தான் திட்டி வந்தனர். பொறுமையாகக் கேட்டார்.

“அவரும் நீ படிக்கிற படிப்புதான் படிச்சாரா?” என்றார்.

“ஆமாம்பா. அரசியல் அறிவியல்.”

“பணம் கட்டியா?”

“இல்லப்பா, உதவித்தொகையில.”

சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்பு, “குடோன் வேலைக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நம் கல்லூரியில் பயிலும் எல்லாரும் கோடீசுவரர் ஆகப்போவதில்லை. நானும் ஆகப்போவதில்லை. ஆனால் ‘பி.ஏ. படித்து என்ன செய்யப் போகிறாய்?’ என்னும் கேள்வியை நம்மில் கேளாதவர் இல்லை. பொதுப்பணத்தில் கலைப் பட்டம் பெற்ற ஒரு தமிழ்ப் பள்ளி மாணவர், எண்ணெய்க் கிணற்றைவிட ஆழமான ஒன்று ஒப்பந்தத் தாளில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். நாமும் பொதுப்பணத்தில்தான் பயில்கிறோம். கற்றதைக் கொண்டு, குறைந்தது நம் வீட்டு அடுப்புச் சுடர் எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் வைக்கிறார் என்பதையாவது அதைச் சுமப்பவர்க்கு எடுத்துச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.