நம்பர் சொன்ன பையன்

தாராவியில் வளர்ந்து ஐம்பது வயதைத் தாண்டிய நம்மவர் யாரிடமாவது, "ஓபன் என்ன வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். மட்கா என்ற சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை எங்களுடையது. உச்சரிக்காமல் இருந்ததனால் அது வீட்டுக்குள் வராமல் இருந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

அதைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் வாய்த்தது. 2025 ஜூன் மாதம், கல்லூரி திறக்கும் சமயம். தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் என் தங்கை, தன் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு செம்பூருக்கு வந்தாள். கல்லூரிக் கட்டணத்துக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் பையனுடைய வங்கிக் கணக்கில் இல்லை.

"அண்ணே, நான் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கான். நீயாச்சும் கேளு" என்றாள்.

கேட்டேன். பையன் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "மாமா, நான் சூதாடலை. அந்த அண்ணன் காட்டின மாதிரிதான் செஞ்சேன்."

எந்த அண்ணன் என்று எனக்கு விளங்கவில்லை. கைபேசியை எடுத்துக் காட்டினான். யூடியூபில் ஒரு தமிழ்ச் சேனல். காருக்குள் உட்கார்ந்தபடி ஓர் இளைஞர் பேசுகிறார். நெல்லைச் சீமைப் பேச்சு. அடுத்த சந்தில் குடியிருக்கும் பிள்ளையைப் போல அத்தனை உரிமையோடு பேசுகிறார். திரையில் ஐந்நூறு ரூபாய் மூன்று நிமிடத்தில் பதினாலாயிரம் ஆகிறது. "கீழே லிங்க் இருக்கு, என் கோடைப் போட்டா போனஸ் உண்டு" என்கிறார். அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. என் மருமகன் அந்த மனிதரை ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் 'அண்ணன்' என்றுதான் சொல்கிறான்.

அந்தக் காணொளியைப் பார்த்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது கூச்சம். காரணத்தைச் சொல்வதற்கு முன் மட்காவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் ஒரு காலத்தில் டெலிபிரிண்டர் வழியாகப் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த விலையில் வரும் இலக்கத்தின் மேல் ஊரில் பந்தயம் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்த வரவு நின்றது. வரவு நின்றால் என்ன, நாமே எண் எடுப்போம் என்று 1962இல் வொர்லியில் ஆட்டத்தைத் தொடங்கினார் கல்யாண்ஜி பகத். 1964இல் ரத்தன் கத்ரி 'நியூ வொர்லி மட்கா'வை ஆரம்பித்தார். மட்கா என்றால் பானை. பிறகு பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. மூன்று சீட்டை உருவி, அவற்றைக் கூட்டி, கூட்டுத்தொகையின் கடைசி இலக்கத்தைச் சொன்னால் அது 'ஓபன்'. மறுபடியும் மூன்று சீட்டு எடுத்தால் 'குளோஸ்'. இரண்டும் சேர்ந்தால் 'ஜோடி'. ஒற்றை எண்ணுக்குச் சாதாரணமாக ஒன்றுக்கு ஒன்பது. ஜோடிக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு.

பத்து எண்ணில் ஒன்றுக்கு ஒன்பது மடங்கு. கணக்குத் தெரிந்தவனுக்கு இதிலேயே எல்லாம் விளங்கிவிடும். பத்துப் பேர் பத்து எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால் ஒருவன் ஒன்பது ரூபாயோடு போவான்; ஒரு ரூபாய் கல்லாவில் நிற்கும். அந்த ஒரு ரூபாயில்தான் 'மட்கா ராஜா' என்ற பட்டமெல்லாம் எழுந்தது. பரேல், லால்பாக் மில் தொழிலாளர்களும் தாராவியின் தோல் கிடங்குத் தொழிலாளர்களும் நாள்தோறும் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1974இல் எனக்குப் பதினோரு வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. எங்கள் சந்தில் கணக்குப் போடத் தெரிந்த பெரியவர்கள் குறைவு. முந்தைய மாதங்களில் வந்த எண்களைத் தேதிவாரியாக அச்சடித்த 'சார்ட்' ஒன்று விற்பார்கள். சாயங்காலம் டீக்கடைப் பலகையில் என்னை உட்கார வைத்து அந்தச் சார்ட்டை வாசிக்கச் சொல்வார்கள். எந்த எண் எத்தனை நாளாக வரவில்லை என்று நான் எண்ணிச் சொல்வேன். பத்துப் பைசாவோ ஒரு பன்னும் டீயுமோ கிடைக்கும். வீட்டில் தெரியாது.

பக்கத்துக் கோலியில் இருந்தவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, ஆனால் ஒரே ஊர்ப்பக்கம். தோல் கிடங்கில் வேலை. ஒரு நாள் அவர், "ஏல, சார்ட்டெல்லாம் கெடக்கட்டும். நீயே ஒரு நம்பர் சொல்லுல" என்றார். ஏழு என்றேன். ஏழு வந்தது. ஐந்து ரூபாய் வைத்திருந்தார், நாற்பத்தைந்தாகத் திரும்பியது. எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். "வாக்குப் பலிக்கிற பையன்" என்று சந்து முழுவதும் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து டீக்கடையில் எனக்காக ஆட்கள் காத்திருந்தார்கள்.

நானும் சொன்னேன். இரண்டு என்றேன், ஒன்பது என்றேன். வந்த எண்ணை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். வராத எண்ணைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. ஒன்றரை வருஷத்தில் பெரியப்பா கோலியை எண்ணூறு ரூபாய்க்கு விற்றுவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு மெட்ராஸ் ரயில் ஏறினார். வழியனுப்பப் போன என் தலையைத் தடவி, "நல்லாப் படிக்கணும்ல" என்றார். அந்தக் கோலி இன்று என்ன விலை போகும் என்று தாராவியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காருக்குள் இருந்து பேசிய அந்த இளைஞரைக் கண்டதும் எனக்கு ஏன் கூச்சம் வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சூதாட்டத்தைக் காட்டிப் பிழைக்கும் இத்தகைய காணொளிக்காரர்களை யூடியூப் போன்ற தளங்கள் அடியோடு விலக்க வேண்டுமா? இது புதிய கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். நம் மாநிலத்தின் பழைய சட்டத்திலேயே பாதி விடை இருக்கிறது. 1887ஆம் ஆண்டின் பம்பாய்ச் சூதாட்டத் தடுப்புச் சட்டத்தில் 12ஏ என்றொரு பிரிவு உண்டு. சூதாட்டத்துக்கு உதவும் நோக்கத்துடன் செய்தித்தாளையோ துண்டுத் தாளையோ தகவலையோ அச்சிடுகிறவரும், விற்கிறவரும், பரப்புகிறவரும் குற்றவாளிகளே என்கிறது அது. அதாவது சீட்டை உருவுகிறவன் மட்டுமல்ல, எண்ணைச் சுமந்து செல்கிறவனும் ஆட்டத்தில் கூட்டாளி. சார்ட் விற்றவரைப் போலீஸ் பிடித்தது இதனால்தான். டீக்கடைப் பையனை யாரும் பிடிக்கவில்லை.

இன்றைய டீக்கடைப் பையனுக்கு லட்சம் பேர் சந்தாதாரர்கள். கூலியும் பன்னும் டீயும் அல்ல. அவருடைய கோடு வழியாக எத்தனை பேர் உள்ளே வந்து பணம் கட்டுகிறார்களோ அதற்கு ஏற்றபடி காசு. பல கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போய், வந்தவர்கள் தோற்கும் தொகையிலேயே பங்கு தருகின்றன. என் பெரியப்பா தோற்றதில் எனக்குப் பங்கு கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் போதும் என்று நினைக்கிறேன்.

தளங்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் டிவிட்ச் தளம், தங்கள் நாட்டிலோ போதிய பாதுகாப்புள்ள வேறிடத்திலோ உரிமம் பெறாத சில சூதாட்டத் தளங்களின் சுழல் ஆட்டங்களை நேரலையில் காட்டுவதை 2022 அக்டோபரில் தடை செய்தது. என்ன நடந்தது? தடைப்பட்டியலில் இருந்த ஸ்டேக் என்ற சூதாட்டக் கம்பெனியின் நிறுவனர்கள் ஆதரவோடு, அதே ஆண்டு இறுதிக்குள் கிக் என்ற புதிய தளமே உருவாகிவிட்டது. யூடியூப், 2025 மார்ச் 19 முதல், கூகுளின் ஒப்புதல் பெறாத சூதாட்டத் தளங்களுக்கு லிங்க் மூலமோ சின்னம் மூலமோ வாய்ச் சொல் மூலமோ வழிகாட்டக் கூடாது என்று விதித்தது. சூதாட்டத் தளங்களைக் காட்டும் மற்ற காணொளிகளைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் பார்க்க முடியாதபடி செய்தது. என் மருமகன் அந்தக் காணொளியைப் பார்த்தது இந்த விதி வந்து இரண்டு மாதத்துக்குப் பின். தமிழில் பேசினால் கண்காணிக்கிறவர் காதில் விழ நாளாகும் போலும்.

அரசாங்கங்களும் சட்டம் போட்டபடி இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி விற்பனை நின்றது. ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2021இல் போட்ட சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றியது. கடைசியில் நாடாளுமன்றமே 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. உள்நாட்டுப் பெரிய கம்பெனிகள் உடனே காசு ஆட்டத்தை நிறுத்தின. வழக்குகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் இந்தச் சண்டைகளில் எப்போதும் அடிபடுவது பெரிய பெயர்கள். 2020 நவம்பரில் மதுரைக் கிளை, கிரிக்கெட் வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. 2023 ஆகஸ்டில் இங்கே பாந்திராவில் சச்சின் டெண்டுல்கர் வீட்டின் முன் சட்டமன்ற உறுப்பினர் பச்சு கடு ஆர்ப்பாட்டம் செய்தார். டெண்டுல்கர் சொன்னால் என் மருமகன் கேட்டிருப்பானா? விளம்பரம் என்று அவனுக்குத் தெரியும். அவன் ஏமாந்தது, தன் பாஷையில் பேசிய, விளம்பரக்காரராகத் தோன்றாத ஒருவரிடம்.

மாட்டுங்காவில் இருக்கும் என் வக்கீல் நண்பர் இதை ஒத்துக்கொள்வதில்லை. "மகாலட்சுமியில் குதிரை ஓடுகிறது. மகாராஷ்டிரா அரசே 1969 முதல் லாட்டரி நடத்துகிறது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அதுவும் நம் மெட்ராஸ் ரேஸ் கிளப் விவகாரத்தில். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வேலையில்லாத ஒரு பையன் வீடியோ போட்டால்தான் உமக்குக் குத்துகிறதா?" என்கிறார். நியாயமான கேள்வி. அரசாங்கத்தின் லாட்டரிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் மகாலட்சுமிக்குப் போகிறவன், தான் பந்தயத்துக்குப் போகிறோம் என்று தெரிந்து போகிறான். படுக்கையில் கிடந்து சமையல் காணொளி பார்த்துக்கொண்டிருந்தவனிடம் பந்தயம் தானே நடந்து வருவது வேறு.

இன்னொன்றையும் அவர் சொன்னார். அதற்கு நான் தலை வணங்குகிறேன். சூதாட்டம் என்ற சொல் வந்தாலே விலக்கு என்று ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தால், ஆடிக் கெட்டதைச் சொல்லி எச்சரிக்கிறவனின் காணொளியும் போய்விடும். பணம் எப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியரின் பாடமும் போய்விடும். ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்: லிங்க், கோடு, நிச்சய லாபம் என்ற பேச்சு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காணொளி மட்டுமல்ல, சேனலே போக வேண்டும். அதுவரை அந்தக் காணொளிகளால் தளம் சம்பாதித்த விளம்பரக் காசும் அதனிடம் தங்கக் கூடாது. வேறு தளத்துக்கு ஓடிவிடுவார்களே என்றால், ஓடட்டும். கூட்டமெல்லாம் பின்னாலேயே ஓடாது. டீக்கடை முதலாளி என்னை அந்தப் பலகையில் உட்கார விடாமல் விரட்டியிருந்தால் வேறு கடை தேடியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை தேடியிருப்பேன். ஆனால் அந்தக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் தேடி வந்திருக்க மாட்டார்கள்.

(ஹார்பர் லைனில் பெட்டியை மடியில் வைத்து ரம்மி ஆடும் அன்பர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். வாசி வந்தால் ஆட்டம் முடிந்துவிடும். அதுதான் அதன் அழகு.)

வள்ளுவர் சூதுக்கென்று ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அதன் முதல் குறளில் அவர் தோல்வியைப் பேசவில்லை, வெற்றியைப் பேசுகிறார். கிடைத்த வெற்றி, தூண்டில் இரும்பை இரையென்று மீன் விழுங்கியதைப் போன்றது என்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது புரியவில்லை. பெரியப்பா வாங்கித் தந்த ஜிலேபி அப்போது வாயில் இருந்தது.

வீட்டில் இப்படி நேர்ந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். இணையத்தில் ஏமாற்றப்பட்ட பணத்துக்கு 1930 என்ற எண்ணை உடனே கூப்பிடலாம். ஆட்டத்தை விட முடியாமல் தவிக்கிறவருக்கு டெலி மானஸ் 14416. காசில்லை, தமிழிலும் பேசுவார்கள். நாங்கள் தாமதமாகக் கூப்பிட்டோம், பணம் திரும்பவில்லை. கட்டணத்தை நான் கட்டினேன். சனிக்கிழமைகளில் அப்பாவின் பைப் பட்டறையில் வேலை பார்த்து மருமகன் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறான். அந்தக் காணொளியைப் பற்றி இருவரும் சேர்ந்துதான் யூடியூபுக்குப் புகார் அனுப்பினோம். சில வாரத்தில் அது காணாமல் போயிற்று. தீபாவளிக்கு வந்திருந்தபோது கைபேசியை நீட்டினான். அதே அண்ணன், அதே கார், வேறு பெயரில் வேறு சேனல். அன்றே மறுபடியும் புகார் அனுப்பினோம்.

அப்போதுதான் பெரியப்பாவின் கதையை அவனுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மாமா, ஏழுன்னு எப்படிச் சொன்னீங்க?" என்றான்.

அது வகுப்பில் என் வரிசை எண்.