பல் அடைப்பும் ஈரமும்

பல்லை அடைக்கும்போது ரப்பர் திரை பொருத்துவதும், பஞ்சு வைப்பதும், உமிழ்நீரை இடைவிடாது உறிஞ்சுவதும் பலருக்குச் சலிப்பூட்டுகின்றன. ‘இவ்வளவும் தேவையா?’ என்று எங்களிடம் கேட்போர் உண்டு. தேவையே.

பல்லின் நிறத்திலேயே அமையும் காம்போசிட் அடைப்பு, பல்லோடு ஒட்டப்படுவது. முதலில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் தடவி, எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகிறோம். ஒட்டுப்பசை அவற்றினுள் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகுகிறது. இதற்கிடையே உமிழ்நீரோ ஈற்றுக் குருதியோ பட்டால், அவற்றிலுள்ள புரதங்கள் அக்குழிகளை மூடிவிடும்; பசை சரிவரப் பற்றாது.

அத்தகைய அடைப்பு பார்வைக்குக் குறையற்றதாகவே தோன்றலாம். ஆனால், விளிம்பிலுள்ள மயிரிழை இடைவெளி வழியே நீரும் கிருமிகளும் கசியும். கூச்சம், கறை, நாளடைவில் அடைப்பின் அடியில் மீண்டும் சொத்தை ஆகியவை தோன்றக்கூடும். அடைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பல்லின் நல்ல பகுதியிலும் சிறிது குறைகிறது.

ஆகவே, இடையில் ஈரம் பட்டால் கழுவி உலர்த்தி, ஒட்டும் பணியை மீண்டும் செய்கிறோம். ஈரத்தைத் தடுக்க இயலாத இடங்களில், அதை ஓரளவு தாங்கும் கிளாஸ் அயனோமரைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு.

ரப்பர் ஒவ்வாமை, மூக்கடைப்பு, ஈற்றில் இரத்தக் கசிவு ஆகியவை இருப்பின் முன்னரே தெரிவியுங்கள். குழந்தையை அழைத்துவருவோர் அதன் அச்சத்தையும் சொல்லுங்கள். சிகிச்சையின்போது மூக்கால் சுவாசியுங்கள். ஏதேனும் வேண்டுமெனில் வாயை மூடாது கையை உயர்த்துங்கள். உடனே நிறுத்திக் கவனிப்போம்.