குளியலறைக்குள் நெருப்பு வேண்டாம்

புனேயில் பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் காகிதங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். பத்திரப் பதிவின் சுருக்கமான இண்டெக்ஸ்-2 சரியாக இருக்கிறதா, சொசைட்டி என்ஓசி வந்துவிட்டதா, மாநகராட்சிக்கு வரி பாக்கி உண்டா என்று வக்கீலை வைத்துத் துருவுகிறார்கள். குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரை ஏறெடுத்துப் பார்ப்பவர் குறைவு. "கீசர், ஃபேன் எல்லாம் விட்டுட்டுத்தான் போறோம்" என்று விற்பவர் சொன்னால், வாங்குபவருக்கு அது ஒரு லாபக் கணக்கு. கோத்ரூடில் நாங்கள் வாங்கிய வீட்டோடும் அப்படி இரண்டு கீசர்கள் வந்து சேர்ந்தன. ஒன்று கரண்டில் ஓடுவது, இன்னொன்று கேஸ்.

இந்த ஊருக்கு வெந்நீர் ஆடம்பரம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். திருநெல்வேலியில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் குளித்து வளர்ந்த எனக்கும் இங்கே அது முடியாது. அந்தக் குளிரில் கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் என்று காற்று வரும் வழி அத்தனையையும் அடைத்துக்கொண்டுதான் குளிக்கிறோம். கேஸ் கீசர் ஆளைக் கொல்வது அப்போதுதான்.

குழாய் வேலைக்கு வந்த பிளம்பர்தான் அதை முதலில் பார்த்தார். நாலடிக்கு ஆறடி குளியலறை. தலைக்கு மேலே கேஸ் கீசர். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்திருக்க வேண்டிய ஓட்டையில் குளிர் வராமலிருக்க யாரோ அட்டை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். "தாயி, இது உள்ளே இருக்கவே கூடாது. முதல்ல இதைக் கழட்டணும், மத்த வேலையெல்லாம் அப்புறம்" என்று மராத்தியும் இந்தியும் கலந்து சொன்னவர், என் பதிலுக்குக் காத்திராமல் போய் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினார். அவர் செய்ததுதான் சரி.

சமையலறை அடுப்பைப் போலவே கேஸ் கீசரும் எரிவதற்கு அறையிலிருக்கும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதன் பர்னர் அடுப்பைவிடப் பெரியது, குளியலறை சமையலறையைவிடச் சிறியது. ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. கேஸ் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அதில் வேண்டுமென்றே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். எரிந்தபின் வரும் இந்த நஞ்சுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், சுற்றும், குமட்டும், கால் துவளும். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டுமென்று தோன்றும்போது கை எழாது. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று தனிப்பெயர் வைத்து எழுதும் அளவுக்கு இது நம் நாட்டில் நடந்திருக்கிறது. பிழைத்தவர்களில் சிலருக்கு மூளையில் பாதிப்பு தங்கிவிடுகிறது.

எதிர் ஃபிளாட் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எங்க வீட்லயும் அதேதான். மார்கழியில குளிச்சிட்டு வந்தா என் பொண்ணு தலை சுத்துதும்பா, பித்தம்னு நெனச்சேன்" என்றார். அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக் கீசரையும் கழற்றி, துணி உலர்த்தும் காற்றோட்டமான டிரை பால்கனிக்கு மாற்றி, அங்கிருந்து குளியலறைக்குக் குழாய் இழுத்தார் பிளம்பர். சிலிண்டரோ குழாய் கேஸோ, விதி ஒன்றுதான்: நெருப்பு வெளியே, தண்ணீர் மட்டும் உள்ளே.

முன்னோர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். புனேயின் கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்று செம்புக் கொல்லர்களின் தெரு இருக்கிறது. பேஷ்வாக்கள் காலத்திலிருந்து பாத்திரம் தட்டும் குடும்பங்கள். அவர்கள் செய்த செப்பு பாய்லர்கள் ஒரு காலத்தில் இந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் போயின. நடுவில் கரியோ விறகோ போடும் குழல், சுற்றிலும் தண்ணீர், பக்கவாட்டில் ஒரு குழாய். எங்கள் ஊரிலும் இதே பாய்லர் உண்டு. கொல்லைப்புறத்தில் புகைந்துகொண்டிருக்கும்; அண்டாவில் பிடித்துத்தான் உள்ளே கொண்டுபோவோம். அதற்குள் புகையெல்லாம் வானத்துக்குப் போயிருக்கும்.

இனி மின்சார கீசர். சுவிட்சைப் போட்டதும் மெயினில் டிரிப் ஆனது. பூமிக்குக் கசியும் கரண்ட் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அது. டிரிப் ஆகிறதென்று அதை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துத் தரும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்பவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கள் கீசரில் ஹீட்டிங் எலிமென்ட்டின் உறை விரிசல் விட்டு, கரண்ட் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் எலிமென்ட்மேல் விரல் கனத்துக்குச் சுண்ணாம்புப் படிவம். கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது. அதை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு படியாது. கோடையில் சொசைட்டி வாங்கிய டேங்கர் தண்ணீரும் போர் தண்ணீரும்தான் காரணம் என்றார் எலக்ட்ரீஷியன். படிவத்துக்குள் மாட்டிக்கொண்ட சூடு வெளியே போக முடியாமல் எலிமென்ட்டையே பொசுக்குகிறது. டாங்கி துருப்பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி உண்டு. துருவைத் தான் ஏற்றுக்கொண்டு கரைவதுதான் அதன் வேலை. எங்களுடையதில் நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது.

இதையெல்லாம்விட என்னை அதிர வைத்தது சேஃப்டி வால்வு. சூடானால் தண்ணீர் விரியும். அழுத்தம் ஏறும்போது அந்த வால்வு கொஞ்சம் சொட்டவிட்டு ஆற்றும். சொட்டுகிறதே என்று யாரோ அதை எடுத்துவிட்டு அடைப்பான் போட்டிருந்தார்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட்-அவுட்டும் வேலை செய்யாத ஒரு நாளில் அந்த டாங்கி வெடித்திருக்கும். எலிமென்ட், தெர்மோஸ்டாட், வால்வு, மெக்னீசியக் கம்பி எல்லாம் மாற்றக்கூடியவை. டாங்கியே ஒழுகினால் ஒட்டவைத்துப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாக வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் பிஇஇ நட்சத்திரமும் பாருங்கள். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். தனி வயர், எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். விளக்குக்குப் போகும் வயரிலிருந்து கிளை எடுக்கவே கூடாது.

செலவை விற்றவரிடம் கேட்க முடியுமா? சாதாரண கவனத்தோடு பார்த்தும் தெரியாத பெரிய குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. சுவரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி தொங்கும் கேஸ் கீசருக்கு அது கைகொடுப்பது கடினம். ஆகவே டோக்கன் கொடுக்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்ப் பார்ப்பதுதான் வழி. பில்டரிடம் புதிதாக வாங்கியவர்கள் நிலை மேல். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் பிரிவு 14(3)படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறை தெரிந்து எழுதிக்கொடுத்தால், 30 நாளுக்குள் பில்டர் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள மொட்டைமாடி சோலார் ஹீட்டரும் இதில் வரும். சோலார், மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரம் இவற்றில் ஒன்று இருந்தால் 5 சதவீதமும், ஒன்றுக்கு மேல் இருந்தால் 10 சதவீதமும் சொத்து வரியில் புனே மாநகராட்சி சலுகை தருகிறது. எனவே சோலார் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று மாடி ஏறிப் பாருங்கள். வாரன்டி உள்ள கீசருக்குக் கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் வீட்டுக் குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால், நாளைக் காலைக் குளியலுக்கு முன் ரெகுலேட்டரை மூடுங்கள். வெளியே மாற்றும்வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியுங்கள். உள்ளே போனவர் கூப்பிட்டுப் பதில் தராவிட்டால் கதவை உடையுங்கள், ஆளைக் காற்றுக்குத் தூக்கி வாருங்கள், உடனே 108ஐ அழையுங்கள். வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள், குடியிருப்பவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஆள் அனுப்பிக் கழற்றிவிடுங்கள்.